திசை தெரியும், தூரம் தெரியாது

நண்பர்களே, வணக்கம். "பார்வைக் கோட்டைப் பற்றிப் பேசுங்கள், சூத்திரம் மட்டும் வேண்டாம்" என்று அமைப்பாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். சூத்திரம் இல்லாமலே பேசிவிடலாம். ஆனால் ஒன்றை முதலிலேயே பிடித்துக்கொள்ள வேண்டும்.

கேமரா எடுத்த படத்தில் ஒரு பொருள் புள்ளியாக விழுகிறது. அது எந்தத் திசையில் இருக்கிறது என்பதைப் படம் சொல்லிவிடும். எவ்வளவு தூரத்தில் என்று சொல்லாது. கிட்டே கிடக்கும் கல்லும் எட்ட நிற்கும் மலையும் ஒரே அளவில் விழலாம். கேமராவிலிருந்து அந்தப் பொருளை நோக்கி ஒரு கோடு போடுங்கள். அதுதான் பார்வைக் கோடு. அந்தக் கோட்டின் மேல் எங்கோ ஓரிடத்தில் பொருள் இருக்கிறது. அவ்வளவுதான் நம் கையில் இருக்கும் தகவல்.

ஒரு கோடு போதாவிட்டால் இரண்டு போடலாம். நம் தென்கடற்கரை மீனவர்கள் கடலுக்கடியில் மீன் அடையும் பாறைத்திட்டை அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். கரையில் தெரியும் ஒரு கோபுரம் பின்னால் உள்ள மலைமுகட்டோடு நேர்பட்டால் ஒரு கோடு. வேறு பக்கத்தில் இன்னும் இரண்டு அடையாளங்கள் நேர்பட்டால் அடுத்த கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் தூண்டிலை இறக்கலாம். ஜிபிஎஸ் கருவி படகேறியது வெகு காலம் கழித்துத்தான்.

விண்வெளியில் கரை ஏது? அங்கே மலைமுகட்டின் வேலையை விண்மீன்கள் செய்கின்றன. அவை இருக்கும் தொலைவுக்கு விண்கலத்தின் நகர்வு ஒரு பொருட்டே இல்லை. நிலையாக நிற்பவை என்றே வைத்துக்கொள்ளலாம். அவற்றுக்கு முன்னால் ஒரு நிலவோ சிறுகோளோ எங்கே தெரிகிறது என்று அளந்தால், கலம் இருக்கும் இடத்தைக் கணக்கிட உதவும் கோடு கிடைத்துவிடும். இதில் ஒரு தொல்லை உண்டு. நிலவு பளிச்சென்று இருக்கும், பின்னால் உள்ள விண்மீன் மங்கலாக இருக்கும். விண்மீன் தெரிய வேண்டுமானால் நிலவு வெளுத்துப்போகும் அளவுக்கு ஒளி விழவிட்டுப் படமெடுக்க வேண்டும். பார்க்க அழகில்லாத படம்.

அப்படி ஒரு படம்தான் 1979 மார்ச்சில் வாயேஜர் 1 விண்கலம் எடுத்தது. வியாழனைக் கடந்துபோன பிறகு, ஏறத்தாழ 45 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலிருந்து திரும்பிப் பார்த்து, வியாழனின் நிலவான அயோவை எடுத்த படம். நாசாவின் ஜெட் உந்து ஆய்வகத்தில் வழிகாட்டுதல் பிரிவுப் பொறியாளராக இருந்த லிண்டா மொராபிட்டோ, மங்கிய விண்மீனைத் தேடிப் படத்தைத் திரையில் வெளிச்சமாக்கினார். நிலவின் விளிம்புக்கு வெளியே குடைபோல ஒன்று தெரிந்தது. கருவிக் கோளாறா, பின்னால் மறைந்திருக்கும் வேறொரு நிலவா என்று ஒவ்வொன்றாகச் சோதித்துத் தள்ளினார்கள். மிஞ்சியது எரிமலை. பூமிக்கு வெளியே குமுறிக்கொண்டிருக்கும் எரிமலையை மனிதர் கண்டது அதுவே முதல் தடவை. அறிவியல் குழுவினர் கொண்டாடி எடுத்த வண்ணப் படங்களை விட்டுவிட்டு, கணக்குப் போடுவதற்காக எடுத்த படத்தில் அது சிக்கியதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

அந்தக் காலத்தில் படம் பூமிக்கு வரும், மனிதர்கள் அளப்பார்கள், கட்டளை திரும்பிப் போகும். 1998 அக்டோபரில் கிளம்பிய டீப் ஸ்பேஸ் 1 என்ற நாசா விண்கலம் அந்த வேலையைக் கலத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டது. சிறுகோள்களும் விண்மீன்களும் எங்கே இருக்க வேண்டும் என்ற பட்டியல் அதன் நினைவகத்தில் இருந்தது. அதுவே படமெடுத்து, அதுவே தன் இடத்தைக் கணக்கிட்டு, பாதையைத் திருத்திக்கொண்டது. ஆனால் 1999 ஜூலையில் பிரெயில் என்ற சிறுகோளுக்கு மிக அருகே, ஏறத்தாழ 26 கிலோமீட்டரில், பறந்தபோது அந்தச் சிறுகோள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருந்ததால் மென்பொருளால் அதைப் பிடித்துக்கொள்ள முடியவில்லை. கேமரா வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணில் படாத பொருளுக்குக் கோடு போட முடியாதே. 2001 செப்டம்பரில் பொரெல்லி வால்வெள்ளியை அதே கலம் சரியாகத் தொடர்ந்து படமெடுத்தது.

இனி டார்ட். 2022 செப்டம்பர் 26. டைமார்ஃபஸ் என்ற, ஏறத்தாழ 160 மீட்டர் அளவுள்ள சிறுகோள்மேல், அதன் பாதையை மாற்ற முடியுமா என்று பார்க்க, வேண்டுமென்றே மோத நாசா அனுப்பிய கலம். வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 6.1 கிலோமீட்டர். பூமியிலிருந்து தொலைவு 1.1 கோடி கிலோமீட்டர். ஒளி கடக்கவே அரை நிமிடத்துக்கு மேலாகும். இங்கிருந்து ஜாய்ஸ்டிக்கைத் திருப்பினால், கட்டளை போய்ச்சேர்வதற்குள் கலம் 200 கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கும். ஆகவே கடைசி நான்கு மணி நேரம் கலத்தின் பொறுப்பு. இலக்கோ அதைவிடப் பெரிய டிடிமோஸ் என்ற சிறுகோளைச் சுற்றிவரும் குட்டி. மோதலுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் அது கேமராவில் தனியாகத் தெரியத் தொடங்கியது.

டார்ட்டில் இருந்த அறிவியல் கருவி ஒரே ஒரு கேமராதான். தூரத்தை அளக்க எதுவுமில்லை. தேவையும் இல்லை. கப்பலோட்டிகள் அறிந்த விதி இது: எதிரே வரும் கப்பல் நெருங்க நெருங்க, அது தெரியும் திசை மட்டும் மாறாமல் இருந்தால் மோதல் நிச்சயம். அவர்கள் விலகுவதற்காகக் கவனிப்பதை டார்ட் மோதுவதற்காகக் கவனித்தது. பார்வைக் கோடு இம்மி திரும்பினாலும் தன்னை அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு, கோட்டின் திருப்பத்தை நிறுத்தியது. ஏவுகணைகளுக்காக வளர்த்த கணக்கு இது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. டைமார்ஃபஸின் நடுவிலிருந்து ஏறத்தாழ 25 மீட்டருக்குள் அடி விழுந்தது. டிடிமோஸைச் சுற்றிவர அது எடுத்துக்கொண்ட 11 மணி நேரம் 55 நிமிடம் அரை மணி நேரத்துக்கும் மேல் குறைந்தது.

மோதுவதற்குத் திசை போதும். மெதுவாக இறங்க வேண்டுமானால் தூரமும் வேண்டும், வேகமும் வேண்டும். வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3இன் தரையிறங்கு கலத்தில் கேமராக்களோடு லேசர் உயரமானி, ரேடியோ அலை உயரமானி, லேசர் டாப்ளர் வேகமானி எல்லாம் இருந்தது அதனால்தான். 2023 ஆகஸ்ட் 23 மாலை, ஏறத்தாழ 150 மீட்டர் உயரத்தில் அது சில வினாடிகள் அப்படியே நின்று, கீழே பாறை இருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா என்று படமெடுத்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்கியது. பெங்களூரில் இஸ்ரோ கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் அப்போது திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிவுகளையெல்லாம் கலமே எடுத்தது. அந்த உணரிகள் ஒன்றுக்கொன்று முரணான எண்ணைச் சொன்னால் கலம் எதை நம்பும் என்பது தனிக் கதை. அதை யாராவது கேள்வியாகக் கேட்டால் சொல்கிறேன்.