சுல்தான் டெக்கும் தொழிற்சாலை வாசலும்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். எம்.எல்.சுல்தான் டெக்னிகல் காலேஜ் வளர்ந்த கதையைச் சொல்லும்படி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆண்டுகளை மட்டும் வரிசையாக அடுக்கிக்கொண்டு போனால் உங்களில் பாதிப் பேர் ஸ்டேஷனை மாற்றிவிடுவீர்கள். அதனால் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நம் இந்தியர்களுக்கென்று தொடங்கிய அந்தக் கல்வியில் ஆங்கிலமும் கணக்குப்பதிவும் டைப்ரைட்டிங்கும் தையலும் ஏன் முன்னே நின்றன? லேத், வெல்டிங், ஃபிட்டர் வேலை எல்லாம் ஏன் பின்னால் வந்தன?

பதில் கல்லூரிக்குள் இல்லை. வேலை பார்த்துக்கொண்டே தொழில் பழகுவதற்கான 1922ஆம் ஆண்டு அப்ரண்டிஸ்ஷிப் சட்டத்தில் இருக்கிறது.

அந்தச் சட்டத்தைப் படித்துப் பார்த்தால் நிறத்தைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. பார்க்க நியாயமாகத்தான் தெரியும். அப்ரண்டிஸாகச் சேரக் குறிப்பிட்ட வகுப்புவரை படித்திருக்க வேண்டும். ஒரு முதலாளி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கூடவே டெக்னிகல் வகுப்புக்குப் போய்வர வேண்டும். சரி, அந்த வகுப்பு எங்கே நடந்தது? டர்பனில் 1907இலேயே நேட்டால் டெக்னிகல் காலேஜ் வந்துவிட்டது. ஆனால் அது வெள்ளையருக்கு. ஒப்பந்தம் கொடுக்க வேண்டிய முதலாளியும் வெள்ளையர், யாரைச் சேர்க்கலாம் என்று பேசித் தீர்மானித்த தொழிற்சங்கமும் வெள்ளையருடையது. வகுப்பு இல்லாததால் அப்ரண்டிஸ் ஆக முடியாது; அப்ரண்டிஸ் ஆக முடியாதவனுக்கு எதற்கு வகுப்பு என்று கேட்பார்கள். பூட்டுப் போட்டுச் சாவியையும் உள்ளேயே வைத்த கதை. 1924க்குப் பிறகு அரசாங்கமே வெள்ளையருக்கு முன்னுரிமை கொடுக்கும் வேலைக் கொள்கையைக் கொண்டுவந்தபோது, இருந்த வேலையும் கைவிட்டுப் போகத் தொடங்கியது.

1927இல் இங்குள்ள இந்தியர்களைப் பற்றி இரண்டு நாட்டு அரசுகளும் செய்துகொண்ட கேப்டவுன் ஒப்பந்தம் வந்தது. இந்தியாவின் பிரதிநிதியாக இங்கே வந்தவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. நம் தஞ்சைச் சீமைக்காரர். அவர் பேச்சைப் பலர் புகழ்வார்கள், எனக்கு அவர் பேச்சைவிட 1929இல் இந்தியப் பிள்ளைகளுக்கென்று திறந்த உயர்நிலைப் பள்ளியான சாஸ்திரி காலேஜ்தான் பெரிது. பகலில் பிள்ளைகள் படித்த இடங்களில் மாலையில் பெரியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். இருபதுகளின் கடைசியில் சில ஆர்வலர்கள் சேர்ந்து தொடங்கிய மாலை வகுப்புகள்தான் பின்னால் கல்லூரியாக வளர்ந்தன.

மாலை வகுப்பு என்பதைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். மேகசின் பராக்ஸில் குடியிருந்தவர்கள் பெரும்பாலும் தமிழரும் தெலுங்கரும், டர்பன் மாநகராட்சி வேலைக்காரர்கள். விடிவதற்குள் தெருக்கூட்டவும் குப்பை அள்ளவும் போனவர்கள். அப்படிப்பட்ட ஒருவரோ அவர் மகனோ வேலை முடிந்து, குளித்து, சாப்பிட்டு, அப்புறம் நோட்டுப் புத்தகத்தோடு கிளம்ப வேண்டும். பகல் கல்லூரி என்றால் அவர்களில் ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள். கட்டடம் இல்லாமல், சொந்தமாக ஒரு பெஞ்சுகூட இல்லாமல் ஒரு கல்லூரி பல வருஷம் ஓடியது என்றால், நேரத்தைச் சரியாகப் பிடித்ததுதான் காரணம் என்பது என் எண்ணம்.

இப்போது பெயருக்கு வருகிறேன். ஹாஜி எம்.எல்.சுல்தான் 1890இல், பதினேழு வயதளவில், ஒப்பந்தத் தொழிலாளியாகத் திருவிதாங்கூர்ப் பக்கத்திலிருந்து நேட்டாலுக்கு வந்தவர். பின்னால் விவசாயத்திலும் வியாபாரத்திலும் காசு சேர்த்தார். கல்லூரிக்கென்று பொதுமக்களிடம் நன்கொடை திரட்டியபோது பெருந்தொகை கொடுத்தவர் அவர். அதனால்தான் 1946இல் கல்லூரி முறையாக நிறுவப்பட்டபோது அவர் பெயரை வைத்தார்கள். 1953இல் அவர் காலமானார். சென்டெனரி ரோட்டில் கட்டடம் திறந்தது 1956இல். அவர் அதைப் பார்க்கவில்லை. நன்கொடை என்றால் பெரிய பணக்காரர் பெயரே நினைவில் நிற்கிறது, ஷில்லிங் ஷில்லிங்காகக் கொடுத்தவர்களுக்குக் கல்வெட்டு கிடையாது. அது எந்த ஊரிலும் அப்படித்தான்.

சுல்தான் டெக் சொல்லிக்கொடுத்தது எது என்பதை, நகரத்தில் யார் வேலை கொடுக்கத் தயாராக இருந்தார்கள் என்பதே முடிவு செய்தது. நம்மவர் கடைத்தெருவான கிரே ஸ்ட்ரீட் கடைகளுக்குக் கணக்கு எழுத ஆள் வேண்டும், ஆகவே கணக்குப்பதிவு. கடற்கரை ஹோட்டல்களில் இந்திய வெயிட்டர்கள் நிறையப் பேர், ஆகவே ஹோட்டல் தொழில். துணித் தொழிற்சாலைகளில் முதலில் நம் ஆண்கள் வேலை பார்த்தார்கள், அறுபதுகளிலிருந்து பெண்கள் திரளாகப் போனார்கள். எங்கள் அத்தை ஒருத்தி சுல்தான் டெக்கில் துணி வெட்டப் படித்துவிட்டு வந்தாள். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பிருந்தே அவள் வீட்டுத் திண்ணையில் ஜாக்கெட் துணியோடு அக்காமார்கள் காத்திருப்பார்கள். தொழிற்சாலைக்குப் போகாமலே அவள் குடும்பத்தை நடத்தினாள். பாட்டன் தெருக்கூட்டியவர் என்றாலும் பேத்தி மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தாள் என்றால், அதில் இந்தக் கல்லூரிக்குப் பங்கு உண்டு.

ஆனால் எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் 1950இல் வந்து, அறுபதுகளில் மேகசின் பராக்ஸையும் மற்ற குடியிருப்புகளையும் கலைத்து ஜனங்களை நகரத்துக்கு வெளியே இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியது. கல்லூரி நகரத்திலேயே நின்றது, மாணவர்கள் பஸ் தூரத்துக்குப் போய்விட்டார்கள். வேலை முடிந்து மாலை வகுப்புக்கு வந்தவருக்கு இப்போது கடைசி பஸ்ஸைப் பற்றிய கவலையும் சேர்ந்துகொண்டது.

தொழிற்சாலை வாசல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திறந்தது. எழுபதுகளில் திறமையான ஆள் பற்றாக்குறை வந்தது, முதலாளிகளுக்கே வேறு வழியில்லை. 1979இல் தொழிலாளர் சட்டங்களை ஆராய்ந்த வீஹான் கமிஷனின் அறிக்கை வெளிவந்தது, 1981இல் வந்த மனிதவளப் பயிற்சிச் சட்டம் அப்ரண்டிஸ் வேலையை எல்லா இனத்தாருக்கும் திறந்துவிட்டது. 1922க்கும் 1981க்கும் இடையே கிட்டத்தட்ட அறுபது வருஷம். இதற்கிடையே சுல்தான் டெக், டெக்னிகான் என்ற உயர் தொழிற்கல்வி நிறுவனமாக வளர்ந்தது. 2002இல், அந்தக் காலத்தில் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த நேட்டால் டெக்கோடு சேர்ந்து ஒரே நிறுவனமானது. 2006இல் அது டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்று பெயர் பெற்றது. சுல்தான் பெயரில் ஒரு வளாகம் இன்னும் இருக்கிறது. மாணவர்களில் இன்று பெரும்பாலானவர்கள் ஆப்பிரிக்கப் பிள்ளைகள். இதைச் சொல்லி வருத்தப்படும் பெரியவர்களை நான் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்த வருத்தம் புரியவில்லை. வாசலில் நிறுத்தப்பட்டவர்களுக்காகத்தானே அது தொடங்கியது?

பழைய மாலை வகுப்புகளின் வேலையை இன்று செய்வது பல்கலைக்கழகம் அல்ல, பொதுத் தொழிற்பயிற்சிக் கல்லூரிகள்தான். நாடெங்கும் இருந்த 152 டெக்னிகல் காலேஜ்களை 2002இல் 50ஆகச் சேர்த்தார்கள். 2014இல் டிவெட் காலேஜ் என்று பெயர் மாற்றினார்கள். டர்பனில் தெக்வினி இருக்கிறது, பைன்டவுன், இனாண்டா, குவாமாஷு பக்கம் எலாங்கெனி இருக்கிறது. இங்கே வணிகப் பாடத்தில் என்4 முதல் என்6 வரை மூன்று நிலைகளைப் படிக்கப் பதினெட்டு மாதம் ஆகும். பரீட்சை பாஸானால் டிப்ளோமா கையில் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். அதற்குப் பிறகும் வணிகப் பாடம் படித்தவர் இன்னொரு பதினெட்டு மாதம் ஏதாவது ஒரு இடத்தில் அந்தத் துறையில் வேலை பார்த்து, அதைப் பதிவேட்டில் எழுதி, முதலாளியின் கையெழுத்தோடு கொண்டுவர வேண்டும். இடம் கிடைக்காதவர்கள் என்6 பாஸ் சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டு டிப்ளோமா இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். இப்போது நிறம் பார்த்து யாரும் தடுக்கவில்லை. ஆனாலும் ஒரு முதலாளியின் கையெழுத்துக்காகக் காத்திருப்பது மட்டும் மாறவில்லை.

ஓரளவு பெரிய நிறுவனங்கள் சம்பளப் பட்டியலில் ஒரு சதவீதத்தைத் திறன் பயிற்சி வரியாகக் கட்டுகின்றன. கட்டிவிட்டோமே, கடமை முடிந்தது என்று பலர் இருந்துவிடுகிறார்கள். பணம் போகும், கையெழுத்து போடுவது யார்?

கடை வைத்திருப்பவர்கள், ஆடிட்டர் ஆபீஸ், டிரான்ஸ்போர்ட் கம்பெனி, கேட்டரிங் நடத்துபவர்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் உங்களிடம்தான் பேசுகிறேன். உங்கள் பக்கத்து டிவெட் காலேஜுக்கு ஒரு நடை போய், எங்களிடம் ஒருவருக்கு இடம் இருக்கிறது என்று சொல்லுங்கள். பதிவேட்டை எப்படி நிரப்புவது, படித்தொகைக்கு வழி உண்டா என்பதை அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம். வருகிறவர் ஆப்பிரிக்கர் வாழும் இனாண்டாக்காரரா, நம்மவர் வாழும் சாட்ஸ்வொர்த்துக்காரரா என்று பார்க்காதீர்கள். நன்றி, வணக்கம்.