புது மண்டபம்: நானூறு வருஷத்துப் புதுசு

(காட்சி: மதுரை மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரம். கேமரா திரும்பி, எதிரே நீண்டு கிடக்கும் கல் மண்டபத்தில் நிற்கிறது.)

குரல்: இதுதான் புது மண்டபம். பேரில்தான் புதுசு. கட்டியவர் திருமலை நாயக்கர். அவர் ஆண்டது 1623 முதல் 1659 வரை. வயசை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடை வைக்கக் கட்டியதில்லை இது. வெயில் மண்டையைப் பிளக்கிற வைகாசியில் மீனாட்சியும் சொக்கநாதரும் வந்து இளைப்பாறுகிற வசந்த மண்டபம்.

(காட்சி: மண்டபத்தைச் சுற்றி ஓடும் பள்ளம், மிக அருகில்.)

சாக்கடை என்று நினைத்துவிடாதீர்கள். வசந்த விழாவுக்கு இதில் தண்ணீர் நிரப்புவார்கள். வீசுகிற காற்று அந்த ஈரத்தைத் தொட்டுக்கொண்டு தூண்களுக்கு நடுவே நுழையும். அந்தக் காலத்து ஏசி!

சாமிக்குக் குளிர்ச்சியான இடம் வியாபாரிக்குக் கசக்குமா? கோயில் வாசல், தலைக்கு மேல் கல்கூரை, ஓயாத கூட்டம். 124 தூண்களுக்கு நடுவே பாத்திரம், வளையல், புத்தகம் என்று கடைகள் முளைத்து ஒரு பஜாரே ஆகிவிட்டது. ஆனால் மண்டபத்துக்குப் பேர் வாங்கித் தந்தது தையல்காரர்கள்தான்.

(காட்சி: பழைய படம். தையல் மிஷின், பக்கத்தில் சிவப்புத் துணி.)

தூணுக்கு ஒரு மிஷின். கழுத்தில் அளவு டேப், கால் பெடலில், மடியில் பளபளக்கும் ஜிகினா நாடா. சித்திரை நெருங்கினால் தலை நிமிர நேரமிருக்காது. அழகர் ஆற்றில் இறங்கும்போது தண்ணீர் பீய்ச்ச நேர்ந்துகொண்டவர்கள் சல்லடம் என்கிற அரைக்கால் சட்டைக்கும் உருமால் என்கிற தலைப்பாகைக்கும் இங்கேதான் வந்து நிற்பார்கள். பக்கத்துத் தூணில் கல் யானை கரும்பு தின்றுகொண்டிருக்கும். சிவபெருமானின் திருவிளையாடல் அது. அளவு கொடுக்க வந்தவர் எத்தனை பேர் அண்ணாந்து பார்த்திருப்பார்கள் என்பது சந்தேகம்தான். பல சிற்பங்கள் தொங்குகிற துணிக்குப் பின்னால் மறைந்தே கிடந்தன.

சில வருஷங்களுக்கு முன் கடைகளைப் பக்கத்திலேயே குன்னத்தூர் சத்திரத்தில் மாநகராட்சி கட்டிய வளாகத்துக்கு மாற்றிவிட்டார்கள். சிலைகளுக்கு அது நல்லதுதான், ஒத்துக்கொள்கிறேன். நாயக்க மன்னர்கள் பத்துப் பேரும் தூணோடு தூணாக நிற்பதை இனி நிதானமாகப் பார்க்கலாம். வியாபாரத்துக்கு நல்லதா? கோயிலுக்கு வந்த கால் தானாக மண்டபத்துக்குள் நுழைந்துவிடும். மாடிப்படி ஏறுமா என்பது வேறு கதை.

(காட்சி: வளாகத்தின் படிக்கட்டு.)

தேடிப் போகிறவர்கள் வாசலில் "அழகர் உடுப்பு எந்த மாடிண்ணே?" என்று கேட்டுக்கொண்டு ஏறுங்கள். அளவு கொடுக்கத் திருவிழாவுக்கு முந்தின நாள் போய் நிற்காதீர்கள்.