மதிப்பைத் தூக்கிப் போடுறதுக்குன்னே ஒரு லோட்

[திரையில்: கறுப்புப் பின்னணியில் நாலு வரி அசெம்ப்ளி]

எல்டிஏஆர் டெம்ப்0, [எக்ஸ்5]
எல்டிபி ரெஸ்0, ரெஸ்1, [எக்ஸ்5]
டிஎம்பி ஐஎஸ்ஹெச்எல்டி
ரெட்

எல்டிஏஆர், எல்டிபி ரெண்டும் லோட், அதாவது மெமரியில இருந்து படிக்கிற கட்டளை. மெமரியில எழுதுறது ஸ்டோர். டிஎம்பி, கட்டளைகள் முன்னப்பின்ன இடம் மாறாம நிறுத்துற ஒரு தடுப்பு. முதல் வரியைப் பாருங்க. எக்ஸ்5 காட்டுற முகவரியில இருந்து 8 பைட் படிச்சு டெம்ப்0-ல வைக்குது. ரெண்டாவது வரி அதே முகவரியில இருந்து 16 பைட் படிக்குது. அதுக்கப்புறம் டெம்ப்0-வை யாரும் தொடுறதே இல்ல. கோட் ரிவ்யூல இப்படி ஒரு வரி வந்தா, "இது எதுக்கு? எடுத்துடுங்க"ன்னு கமென்ட் போடத்தான் கை போகும். எடுத்தா டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகும். ஆனா ப்ரோக்ராம் தப்பாயிடும்.

இது ஏஆர்எம் 64-பிட்டுக்கான லிப்அட்டாமிக், அதாவது ஜிசிசி கம்பைலரோட கூடவே வர்ற லைப்ரரி. நிறைய பேருக்கு இது அறிமுகமாகுறதே லிங்க்கர் "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்"னு கத்தும்போதுதான். அப்போ ஒரு ஃப்ளாக்கைச் சேர்த்துட்டு மறந்துடுவோம்.

அட்டாமிக்னா, பாதி முடிஞ்ச நிலையை வேற த்ரெட் பார்க்க முடியாதபடி ஒரே மூச்சுல நடக்கிறது. த்ரெட்னா ஒரே ப்ரோக்ராமுக்குள்ள ஒரே நேரத்துல ஓடுற வேலைகள்ல ஒன்னு. 1, 2, 4, 8 பைட் அட்டாமிக் லோட், ஸ்டோர் எல்லாத்தையும் கம்பைலர் நம்ம கோடுக்குள்ளேயே நேரடிக் கட்டளையா எழுதிடும். 16 பைட்னா மட்டும் லிப்அட்டாமிக்ல இருக்கிற ஃபங்ஷனைக் கூப்பிடும். 16 பைட் யாருக்கு வேணும்? லாக் இல்லாம ஸ்டாக், க்யூ எழுதுறவங்களுக்கு. 8 பைட் பாயின்டர், பக்கத்துலயே 8 பைட் கவுன்டர். பாயின்டர் ஒரு சுத்து சுத்தி பழைய மதிப்புக்கே திரும்பி வந்தாலும் கவுன்டர் ஏறியிருக்கும், ஏமாற மாட்டோம்.

[திரையில்: ரெண்டு சிப், நடுவுல லைப்ரரி]

முன்னாடி ஏஆர்எம்-ல 16 பைட்டை ஒரே மூச்சுல படிக்க எளிமையான லோட் கட்டளை கிடையாது. ஏஆர்எம் 8.4-ல எல்எஸ்இ2ங்கிற வசதி வந்துச்சு. முகவரி 16-ஆல வகுபட்டா, சாதாரண கேஷ் மெமரியில, எல்டிபி கட்டளையே 16 பைட்டையும் பிளவு இல்லாம படிக்கும். ஜிசிசி 13-ல லிப்அட்டாமிக் இதைப் பயன்படுத்த ஆரம்பிச்சது. ப்ரோக்ராம் லோட் ஆகும்போதே சிப்புல எல்எஸ்இ2 இருக்கான்னு பார்த்து, இருந்தா எல்டிபி வழி, இல்லன்னா ஜிசிசி 13-ல பழைய லாக் வழி. அப்போ ஒரே பைனரி பழைய மெஷின்ல ஒழுங்கா ஓடும், புது மெஷின்ல மட்டும் உடையலாம். இந்த வகை பக்கைத் தேடுறவங்களுக்கு அனுதாபம் தெரிவிச்சுக்கிறேன்.

முதல்ல எழுதின வடிவத்துல இருந்தது எல்டிபி, அதுக்குக் கீழ டிஎம்பி ஐஎஸ்ஹெச்எல்டி. அவ்வளவுதான். இந்த டிஎம்பி வகை என்ன சொல்லுதுன்னா, "எனக்கு மேல இருக்கிற லோடுகள் முடியாம, எனக்குக் கீழ இருக்கிற எந்த லோடும் ஸ்டோரும் கிளம்பக் கூடாது." அக்வயர் லோடுக்கு, அதாவது தனக்குப் பின்னாடி வர்ற எதையும் முந்த விடாத லோடுக்கு, இது கச்சிதம். ஆனா இந்த ஃபங்ஷன்கிட்ட ப்ரோக்ராம் கேட்டது அக்வயர் இல்ல, செக்வென்ஷியல் கன்சிஸ்டன்ஸி. 1979-ல லெஸ்லி லாம்போர்ட் வரையறுத்த அந்தப் பழைய கண்டிஷன்: எல்லா த்ரெடோட செயல்களையும் ஒரே வரிசையில நிறுத்த முடியணும், அந்த வரிசையில ஒவ்வொரு த்ரெடும் எழுதின கிரமம் மாறாம இருக்கணும்.

கீழ்ப்பக்கம் கதவு பூட்டியாச்சு. மேல்பக்கம் திறந்தே கிடக்கு.

[திரையில்: ரெண்டு த்ரெட், இடது வலது. ஒவ்வொரு வரியும் பேசப் பேச ஒளிரும்]

அதனால என்ன ஆகும்? ஹசார்ட் பாயின்டரை எடுத்துக்குவோம். 2004-ல மேகட் மைக்கேல் விளக்கின முறை, இப்போ சி++26-லயும் சேர்ந்திருக்கு. இடது த்ரெட் ஒரு நோடைப் படிக்கப் போகுது. அதுக்கு முன்னாடி, "இந்த நோடை நான் பார்த்துக்கிட்டு இருக்கேன், யாரும் ஃப்ரீ பண்ணிடாதீங்க"ன்னு தன்னோட ஹசார்ட் இடத்துல முகவரியை எழுதும். இது 8 பைட் ஸ்டோர், கம்பைலர் எஸ்டிஎல்ஆர்னு நேரடியா எழுதிடும். எஸ்டிஎல்ஆர் ஒரு ஸ்டோர்-ரிலீஸ், அதாவது தனக்கு முன்னாடி இருக்கிறதை எல்லாம் தனக்குப் பின்னாடி போக விடாத ஸ்டோர். அப்புறம் ஸ்டாக்கோட தலையை மறுபடி ஒரு தடவை படிச்சு, நோட் இன்னும் அங்கேயே இருக்கான்னு உறுதி பண்ணிக்கும். தலை 16 பைட், அதனால லிப்அட்டாமிக்குக்கு ஒரு கால்.

வலது த்ரெட் தலையை மாத்தி நோடைக் கழட்டும். அப்புறம் எல்லாரோட ஹசார்ட் இடத்தையும் பார்க்கும். யாரும் அந்த முகவரியை எழுதி வைக்கலன்னா ஃப்ரீ பண்ணிடும்.

இந்த ஏற்பாடு முழுசும் ஒரே நம்பிக்கையில நிக்குது: ரெண்டு பேர்ல ஒருத்தராவது மத்தவர் எழுதினதைப் பார்த்தே ஆகணும். ரெண்டு பேருமே பழைய மதிப்பைப் பார்க்கிறது செக்வென்ஷியல் கன்சிஸ்டன்ஸியில நடக்கவே முடியாது.

இப்போ இடது கோருக்குள்ள போவோம். எஸ்டிஎல்ஆர் முடிஞ்சதுன்னா மதிப்பு கேஷுக்குப் போய்ச் சேர்ந்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல. அது ஸ்டோர் பஃபர்ல காத்துக்கிட்டு இருக்கலாம். தபால் பெட்டியில கடிதத்தைப் போட்டாச்சு, ஊர் போய்ச் சேரல, அந்த நிலைமை. அடுத்து வர்ற எல்டிபி ஒரு சாதாரண லோட். முன்னாடி போன எஸ்டிஎல்ஆருக்காக அது காத்திருக்கணும்னு ஏஆர்எம் விதியில எங்கேயும் இல்ல. அது முந்திக்கிட்டுப் போய் தலையோட பழைய மதிப்பை எடுத்துட்டு வந்துடும். "நோட் அங்கேயேதான் இருக்கு"ன்னு இடது த்ரெட் நம்பும். அதே சமயம் வலது த்ரெட் ஹசார்ட் இடத்தைப் பார்க்குது, காலி. ஃப்ரீ. இடது த்ரெட் ஃப்ரீ ஆன மெமரிக்குள்ள கால் வைக்குது. யாரோட சி++ கோட்லயும் தப்பு இல்ல.

[திரையில்: மறுபடி நாலு வரி, முதல் வரி மட்டும் மஞ்சளில்]

இதுக்கு 2023-ல வந்த பேட்ச்தான் அந்த எல்டிஏஆர். எல்டிஏஆர் சும்மா அக்வயர் லோட் இல்ல. தனக்கு முன்னாடி ப்ரோக்ராம்ல எஸ்டிஎல்ஆர் இருந்தா, அதைத் தாண்டி இது முந்த முடியாது. ஏஆர்எம் 8.3-ல வந்த எல்டிஏபிஆர்ங்கிற இன்னொரு அக்வயர் லோடுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. முதல் வடிவத்துல இருந்த எல்டிபி-டிஎம்பி ஜோடி, நடைமுறையில எல்டிஏபிஆரோட பலத்துலதான் இருந்துச்சு. ஆக எஸ்டிஎல்ஆர் முடியும் வரைக்கும் எல்டிஏஆர் காத்திருக்கும். எல்டிஏஆர் அக்வயர்ங்கிறதால, அது முடியும் வரைக்கும் எல்டிபி காத்திருக்கும். படிச்ச 8 பைட் நமக்கு வேண்டாம், அது காத்திருந்ததுதான் வேணும். சோர்ஸ் கோட்ல பக்கத்துலயே ஒரு வரி கமென்ட் இருக்கு, ஸ்டோர்-ரிலீஸோட இடம் மாறாம தடுக்கத்தான் இதுன்னு. அந்தக் கமென்ட் இல்லன்னா, என்னைக்காவது ஒருத்தர் நல்ல எண்ணத்துல இதை அழிச்சிருப்பார்.

மேலே ஒரு முழு டிஎம்பி ஐஎஸ்ஹெச், அதாவது லோட், ஸ்டோர் ரெண்டையுமே தாண்ட விடாத தடுப்பு, போட்டா போதாதா? போதும். சரியாவும் இருக்கும். ஆனா அது முன்னாடி இருக்கிற எல்லா ஸ்டோருக்காகவும் காத்திருக்க வைக்கும், சம்பந்தமே இல்லாத சாதாரண ஸ்டோரையும் சேர்த்து. எல்டிஏஆர் கட்டிப் போடுறது எஸ்டிஎல்ஆர் குடும்பத்தை மட்டும்தான். என் ரசனைக்கு இது அழகான தீர்வு.

இங்கே ஒரு விஷயத்தை நிதானமா பார்க்கணும். அந்த எஸ்டிஎல்ஆர் எங்கே இருக்கு? உங்க ப்ரோக்ராம்ல, நீங்க கம்பைல் பண்ணின அன்னைக்கு எழுதப்பட்டது. எல்டிபி எங்கே இருக்கு? டிஸ்ட்ரோ கொடுத்த லைப்ரரியில, வேற யாரோ வேற ஒரு நாள் கம்பைல் பண்ணினது. ரெண்டும் ஒரே உடன்படிக்கையில இருந்தாத்தான் வேலை நடக்கும். இன்டெல், ஏஎம்டி சிப்களோட எக்ஸ்86-ல இந்த உடன்படிக்கை வேற மாதிரி: ஸ்டோர் பக்கம் எக்ஸ்சேஞ்சோ எம்ஃபென்ஸோ போட்டு மொத்தச் செலவையும் அங்கேயே முடிச்சுடுவாங்க, லோட் வெறும் மூவ். செலவை லோட் பக்கம் வைக்கிறதும் தப்பில்ல. ஆனா ஒரு ஃபைல் இப்படி, இன்னொரு ஃபைல் அப்படின்னு கலந்துட்டா, எந்தப் பக்கமும் ஃபென்ஸ், அதாவது தடுப்பு, இல்லாத ஒரு ஸ்டோர்-லோட் ஜோடி உருவாகும். அதனால "இந்த ஃபங்ஷன் சரியா"ன்னு தனியா கேட்டா அதுக்குப் பதிலே கிடையாது. எதிர்ப்பக்கம் எந்தக் கட்டளை நிக்குதுன்னு தெரிஞ்சாத்தான் சொல்ல முடியும்.

[திரையில்: 2014, 2015, 2022]

இதே ஓட்டை இதுக்கு முன்னாடியும் வந்திருக்கு. 2014-ல லினக்ஸ் கெர்னல். எல்டிஏஎக்ஸ்ஆர்ங்கிற அக்வயர் லோட்ல ஆரம்பிச்சு எஸ்டிஎல்எக்ஸ்ஆர்ங்கிற ரிலீஸ் ஸ்டோர்ல முடியுற லூப்பை முழு பேரியர், அதாவது எதையும் தாண்ட விடாத தடுப்புன்னு எண்ணியிருந்தாங்க. மேல அக்வயர், கீழ ரிலீஸ், ரெண்டும் இருக்கேன்னு தோணும். ஆனா அக்வயருக்கு மேல இருக்கிறது கீழ இறங்கலாம், ரிலீஸுக்குக் கீழ இருக்கிறது மேல ஏறலாம். ரெண்டும் லூப்புக்கு நடுவுல சந்திச்சு இடம் மாறிக்கலாம். லூப்புக்குப் பின்னாடி ஒரு டிஎம்பி ஐஎஸ்ஹெச் போட்டு, எல்டிஏஎக்ஸ்ஆரை வெறும் எல்டிஎக்ஸ்ஆர் ஆக்கினாங்க. 2015-ல ஜிசிசிக்குள்ளேயே இருக்கிற பழைய அட்டாமிக் ஃபங்ஷன்களான சிங்க் பில்ட்-இன்களுக்கும் அதே மருந்து. அப்புறம் ஜிசிசி 10 இந்த அட்டாமிக்குகளை லிப்ஜிசிசிங்கிற தன்னோட துணை லைப்ரரியில தனி ஃபங்ஷன்களா வெளியே எடுத்துச்சு, அந்த இடமாற்றத்துல டிஎம்பி விட்டுப்போச்சு. 2022-ல சிங்க்னே தனியா ஒரு வகை ஃபங்ஷன் சேர்த்துச் சரி பண்ணினாங்க.

டெஸ்ட் எழுதிப் பிடிக்க முடியாதா? ராத்திரி முழுக்க ஓட்டினாலும் அந்தச் சிப் அந்த முந்தலைச் செய்யாமலே இருக்கலாம், அடுத்த தலைமுறைச் சிப் செய்யும். அதனால இந்த உலகத்துல ஹெர்ட்7 மாதிரி கருவிகள். கேட்னு ஒரு மொழியில எழுதின ஏஆர்எம் மெமரி மாடலை, அதாவது எது எதை முந்தலாம்ங்கிற விதிகளை, கொடுத்து, நாலஞ்சு கட்டளை இருக்கிற லிட்மஸ் டெஸ்ட்டையும் கொடுத்தா, மாடல் அனுமதிக்கிற எல்லா முடிவையும் கணக்குப் போட்டுச் சொல்லிடும். சிப்பே தேவையில்ல. முதல்ல எழுதின எல்டிபி வடிவத்தைக் கொடுத்தா "ரெண்டு பேரும் பழைய மதிப்பு"ங்கிற முடிவு பட்டியல்ல வரும். எல்டிஏஆரைச் சேர்த்துட்டுக் கொடுத்தா வராது.

உங்க மெஷின்ல எப்படின்னு பார்க்கணும்னா, லிப்அட்டாமிக்கை டிஸ்அசெம்பிள் பண்ணி 16 பைட் லோட் ஃபங்ஷனோட எல்எஸ்இ2 வடிவத்தைத் தேடுங்க. செக்வென்ஷியல் கிளையில எல்டிபிக்கு மேல எல்டிஏஆர் இருக்கணும். லைப்ரரியை டைனமிக்கா லிங்க் பண்ணியிருந்தா பேக்கேஜை அப்டேட் பண்ணினாலே போதும், உங்க ப்ரோக்ராமைத் திரும்ப கம்பைல் பண்ண வேண்டாம். ஸ்டேட்டிக்கா லிங்க் பண்ணியிருந்தா மறுபடி லிங்க் பண்ணணும். 2022 திருத்தம் அப்படி இல்ல: அந்த லிப்ஜிசிசி ஃபங்ஷன்கள் ஒவ்வொரு பைனரிக்குள்ளேயும் ஒட்டிக்கிட்டு வர்றவை, கூப்பிடுற பேரும் மாறியிருக்கு. அதுக்குப் புது கம்பைலர்ல எல்லாத்தையும் முதல்ல இருந்து பில்ட் பண்ணியாகணும்.