ஆளுக்கொரு பங்கு

(பாளையங்கோட்டையில் பெற்றோர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

"நல்லாப் படிக்கிற என் பிள்ளையை எதுக்கு சார் மத்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைக்கீங்க? அவன் படிக்கிற நேரம்லா போகுது?" இந்தக் கேள்வி உங்களில் பலருக்கும் உண்டு. பிள்ளைமேல் உள்ள அக்கறையில் வருகிற கேள்வி. அதனால் நிதானமாகவே பதில் சொல்கிறேன்.

நேரம் போகவில்லை. பிள்ளைகள் குழுவாக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துப் படிக்கும்போது, அந்தக் குழுவில் அதிகம் கற்பதே உங்கள் பிள்ளைதான். நன்னூலில் பவணந்தி முனிவர் இதைப் பங்கு பிரித்தே சொல்லியிருக்கிறார். ஆசிரியர் சொன்னதைச் செம்மையாக வாங்கிக்கொண்டாலும் கால் பங்குதான். உடன் படிப்பவரோடு பயின்றால் இன்னொரு கால். மிச்சமுள்ள அரைப்பங்கு, பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வருகிறது.

1/2-ம் 1/3-ம் கூட்டினால் 5/6. வழிமுறை தெரிந்த பிள்ளை போட்டுவிடும், மார்க்கும் வாங்கிவிடும். பக்கத்தில் இருக்கிற சேக்காளி கேட்கிறான்: "ஏலே, மேலயும் கீழயும் அப்படியே கூட்டி 2/5-ன்னு எழுதினா என்னல?" அங்கேதான் இவன் திகைத்து நிற்பான். யோசித்து யோசித்து, "2/5 அரையை விடக் கம்மில்லா? அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு அது எப்படிலே குறையும்?" என்கிறான். அந்த நிமிஷத்தில்தான் பின்னம் இவனுக்கே புரிகிறது. கேட்டவனுக்கும் லாபம்தான். சாரிடம் கேட்கக் கூச்சப்படுகிற கேள்வியைச் சேக்காளியிடம் கேட்டுவிடலாம். மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் தாய்மார் பீடி சுற்றிப் படிக்கவைக்கிற வீடுகள் எத்தனை! வீட்டில் கணக்கு கேட்க ஆளில்லாத அந்தப் பிள்ளைகளுக்கு வகுப்புத் தோழன் பெரிய துணை.

ஆனால் நாலு பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்தால் மட்டும் போதாது. ஒருவன் எழுதுவான், மூன்று பேர் பார்த்து எழுதுவார்கள். 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்தில், அதுவரை தனித்தனியாகப் படித்த கறுப்பின, வெள்ளையின, மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகள் ஒரே வகுப்புக்கு வந்தபோது சண்டை ஓயவில்லை. எலியட் அரோன்சன் என்ற உளவியலாளரும் அவருடைய மாணவர்களும் ஒரு வழி கண்டார்கள். 'ஜிக்சா' முறை என்று அதற்குப் பெயர். பாடத்தைத் துண்டாக்கி ஆளுக்கு ஒரு பங்கு. உன் பங்கு குழுவில் வேறு யாரிடமும் இல்லை. தேர்வு மட்டும் முழுப் பாடத்துக்கும். அடுத்தவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்காமல் தப்பிக்க முடியாது.

நம் தாமிரபரணியையே இப்படி நடத்தலாம். ஒரு பிள்ளைக்குப் பொதிகையில் ஆறு பிறக்கும் இடம், ஒன்றுக்குப் பாபநாசம், மணிமுத்தாறு அணைகள், ஒன்றுக்கு ஸ்ரீவைகுண்டம் வரையுள்ள எட்டு அணைக்கட்டுகள், இன்னொன்றுக்கு ஆதிச்சநல்லூர். எல்லாக் குழுவிலும் ஒரே பங்கு கிடைத்தவர்கள் முதலில் கூடிப் பேசித் தெளிந்துகொள்ள வேண்டும். பிறகு தன் குழுவுக்குத் திரும்பிச் சொல்ல வேண்டும். மெதுவாகப் படிக்கிற பிள்ளையும் வெறுங்கையோடு வராது.

இந்தக் குழுக்களை ஆசிரியர்தான் பிரிக்க வேண்டும். பிள்ளைகளாகச் சேர்ந்தால் ஒரே தெருப் பிள்ளைகள் ஒன்றாக உட்காரும். நம் ஊரில் தெரு என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டிக்கொண்டு பள்ளிக்கு வருகிற பிள்ளைகளை நாம் பார்க்கிறோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், உடன் படிக்கிற பிள்ளையை வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகுதான், பிள்ளைகளிடையே சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல, நீதியரசர் சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழு அமைத்தது. குழுவாகப் படித்தால் சாதி ஒழிந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தன் மார்க்குக்கு அடுத்த தெருப் பையனின் விளக்கம் தேவைப்பட்டால், அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவன் பேசி முடிக்கும்வரை கேட்டாக வேண்டும். தினமும் அது நடந்தால் பழக்கமாகும்.

ஜூனில் பள்ளி திறந்ததும் குழுப் பட்டியல் வரும். உங்கள் பிள்ளையோடு யார் யார் என்று பார்த்துவிட்டு, "இவனை வேற குழுவுல மாத்துங்க சார்" என்று தலைமையாசிரியர் அறைக்கு வராதீர்கள். சனிக்கிழமை அந்த நாலு பேரும் உங்கள் வீட்டில் படிக்க வந்தால், உள்ளே கூப்பிட்டுப் பாய் விரித்துக் கொடுங்கள்.