மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்தவன்

வணக்கம் நேயர்களே.

நன்னடத்தை அலுவலராக யாழ்ப்பாணத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். வாள்வெட்டுச் செய்தி வரும்போதெல்லாம் தேநீர்க் கடையிலும் கோயில் வீதியிலும் ஒரே கதைதான்: "வாள் தூக்கத் தெரிஞ்சவனுக்கு வயது என்ன வயது? பெரிய ஆக்களைப் போலவே உள்ளுக்குப் போடுங்கோ." அந்தக் கோபம் எனக்கு விளங்குகிறது. வெட்டுப்பட்டு விரல் மடங்காமல் போன ஒரு கடைக்காரரின் வீட்டில் இருந்து கதைத்திருக்கிறேன். அவருடைய சேர்ட் பொத்தானை மனைவிதான் பூட்டிவிடுகிறார். அவரிடம் "சின்னப் பொடியன் ஐயா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த வழக்கில் பிடிபட்ட நாலு பேரில் ஒருவனுக்கு 16 வயது. பிள்ளையின் வீட்டு நிலைமையை நீதிமன்றத்துக்குச் சொல்லும் சமூக அறிக்கை எழுத அவன் வீட்டுக்குப் போனேன். தாய் சாமி அறைக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துவந்தார். உள்ளே சாதாரண தரப் பரீட்சை அனுமதி அட்டை. "இதைக் காட்டினால் விடுவினமோ?" என்று கேட்டார்.

அவன் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து போனவன். லொறி வில்லுத்தகட்டில் அடித்த வாள் அவன் மடியில் கிடந்தது. மற்ற மூவரும் இருபது தாண்டியவர்கள். ஏன் போனாய் என்று கேட்டதற்கு, "அண்ணை கூப்பிட்டவர், மாட்டன் எண்டு சொல்ல ஏலாது" என்றான். நாற்பது வயதுக்காரனுக்கு இந்தப் பதில் சாட்டு. பதினாறு வயதில் இது உண்மை. கூட்டாளிகள் முன்னால் மறுக்கிற பலம் அந்த வயதில் இன்னும் முற்றாக வரவில்லை.

1939இல் எழுதப்பட்ட சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச்சட்டம் 14 வயதிலிருந்து 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவரை இளம் ஆள் என்றது. 16 முடிந்தவன் அந்தக் கோட்டுக்கு வெளியே. ஐ.நா.வின் சிறுவர் உரிமைச் சமவாயத்தை 1991இல் இலங்கை ஏற்றது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் எல்லாரும் சிறுவர் என்று அது சொல்கிறது. ஆனாலும் எண்பது வருடத்துக்கு மேல் அந்தக் கோடு அசையாமலே இருந்தது. குற்றப் பொறுப்பின் ஆகக் குறைந்த வயதை 8இலிருந்து 12ஆக உயர்த்தியதும் 2018இல்தான்.

அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றவனுக்கு என்ன நடந்தது? முதலில் விளக்கமறியல். பதினான்கு நாள், பிறகு இன்னொரு பதினான்கு நாள். பரீட்சை அதற்குள் முடிந்துவிட்டது. நான் சொன்ன பொடியன் உள்ளே போகும்போது அவனுக்குத் தெரிந்தது மூன்று பேரை. வெளியே வரும்போது ஐஸ் போதைப்பொருள் யாரிடம் வாங்கலாம், எந்தக் குழுவுக்கு யார் தலைவன் என்றெல்லாம் தெரிந்திருந்தது. வழக்குத் தீர முன்னமே பாதித் தண்டனை முடிந்துவிடுகிறது. அதுவும் பிழையான பாதி.

இந்தியாவில் 2012 டெல்லிக் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு மக்கள் கொதித்தார்கள். குற்றவாளிகளில் ஒருவனுக்கு 18 ஆகச் சில மாதங்கள் இருந்ததால் மூன்று வருடம்தான் கிடைத்தது. 2015இல் சட்டத்தை மாற்றி, கொடிய குற்றமென்றால் 16 வயதுக்காரனையும் பெரியவனாக விசாரிக்க இடம் வைத்தார்கள். அமெரிக்காவில் பல மாநிலங்கள் 1990களிலேயே அந்த வழியில் போயிருந்தன. அங்கே நடந்த ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த நிபுணர் குழு 2007இல் சொன்னது இது: பெரியவர்களின் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள், சிறுவர் நீதிமன்றத்தில் நின்றவர்களைவிட அதிகமாகத் திரும்ப வன்முறையில் இறங்குகிறார்கள். அப்படியென்றால் அடுத்த கடைக்காரரின் கைக்கு யார் பொறுப்பு?

சும்மா விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. வெட்டுப்பட்டவரின் வாக்குமூலத்தை அந்தப் பிள்ளை முன்னால் இருந்து கேட்கவேண்டும். வீட்டைவிட்டுப் பிரித்துத் தடுத்துவைக்கவேண்டுமென்றால் வைக்கட்டும். ஆனால் 18க்குக் கீழ் என்றால் சிறுவர் நீதிமன்றம். நீதிமன்றம் அனுப்பும் பிள்ளைகளைத் தங்கவைத்துத் திருத்தும், அச்சுவேலியில் இருப்பதைப்போன்ற சான்றுபெற்ற பாடசாலைகளுக்கு ஆசிரியர், தொழிற்பயிற்சி, மனநல ஆலோசகர் எல்லாம் தாராளமாகக் கிடைக்கவேண்டும். பெரியவர்களோடு ஒரு இரவுகூட வேண்டாம்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அறிக்கைக்காக அயலில் விசாரிக்கப் போனால் பல வீடுகளில் படலை திறப்பதில்லை. "எங்களுக்கு ஒண்டும் தெரியாது" என்று உள்ளே இருந்தே சொல்லிவிடுவார்கள். அடுத்த முறை ஒரு அலுவலர் வந்து நின்றால் படலையைத் திறவுங்கள். அந்தப் பிள்ளை எப்போது பள்ளிக்குப் போவதை விட்டான், யாருடைய மோட்டார் சைக்கிளில் ஏறத் தொடங்கினான், நல்லதோ கெட்டதோ, தெரிந்ததைச் சொல்லுங்கள். தீர்ப்புக்கு முன் நீதவானின் மேசைக்குப் போவது அந்தத் தாள்தான்.

நன்றி, வணக்கம்.