போ சாங் பூக்குடை: கிட்டப் போய்ப் பார்க்கலாம் வாங்க

எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்கு என் கையில் இருப்பது ஒரு பழைய காகிதக் குடை. தாய்லாந்தில் சியாங் மாய்க்குக் கிழக்கே போ சாங் என்று ஓர் ஊர், குடைக்கே பேர்போனது. ஜனவரியில் குடைத் திருவிழாவே நடத்துவார்கள். போன வருடம் அங்கே ஒரு பழைய சாமான் கடையில் இதை மூலையில் மடக்கிப் போட்டிருந்தார்கள். விரித்துப் பார்த்ததும் விட்டுவிட்டு வர மனசே வரவில்லை.

கேமரா பக்கம் கொண்டு வருகிறேன். இந்தப் பூ தெரிகிறதா? ஒரே இதழில் அடியில் கருஞ்சிவப்பு, நுனியில் வெள்ளை. இரண்டு தடவை தீட்டியதில்லை. அந்த ஊரில் குடைக்கு வரைகிற ஓர் அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். தூரிகையின் ஒரு பக்கம் ஒரு நிறம், மறுபக்கம் இன்னொன்று. ஒரே இழுப்பில் இதழ் வந்து விழுகிறது. இடது கை குடையைத் திருப்பிக்கொண்டே இருக்கிறது. முன்கூட்டிக் கோடு போட்டுக்கொள்வதெல்லாம் கிடையாது. நம் வீட்டு வாசலில் புள்ளி வைக்காமல் கோலம் இழுப்பார்களே, அந்த மாதிரிக் கை.

இந்தக் காகிதத்துக்கு அங்கே 'சா' என்று பெயர். மல்பெரி இனத்து மரம் ஒன்றின் பட்டையை வேகவைத்து, அடித்துக் கூழாக்கி, சல்லடையில் வாரிக் காயவைப்பது. நார் நீளம் என்பதால் சட்டென்று கிழியாது. மேலே எண்ணெய் பூசினால் மழைக்கும் தாங்கும்.

குடை கட்டும் வித்தையை ஒரு பிக்கு பர்மா எல்லைப் பக்கம் போய்க் கற்று வந்தார் என்று ஊரில் சொல்கிறார்கள்.

சரி, இப்போது குடைக்கு அடியில் வாருங்கள். எனக்கு இந்த இடம்தான் உயிர். மூங்கில் குச்சிகளுக்கு நடுவே சிவப்பும் மஞ்சளுமாகக் குறுக்கும் நெடுக்கும் நூல் ஓடுகிறது பாருங்கள். குச்சியை நிறுத்திப் பிடிப்பதும் அந்த நூல்தான், அழகும் அதுதான். நடுக்கட்டைப் பக்கம் நூல் நைந்திருக்கிறது. அதை நான் மாற்றப் போவதில்லை.

வீட்டில் மாட்டுவதாக இருந்தால் நேர் வெயில் படுகிற இடம் வேண்டாம், நிறம் வெளுத்துவிடும். அடிக்கடி மடக்கவும் கூடாது. நான் ஒரு தடவை அவசரத்தில் மடக்கி, இதோ, இந்த மடிப்பில் ஒரு விரல் நீளம் கிழித்துவிட்டேன். அன்று முழுக்க மனசு ஆறவில்லை.

அப்புறம், குடைக்குப் பின்னால் விளக்கு வைக்கிறேன். பார்த்தீர்களா, பூவுக்குள் நார் நாராக ஓடுகிறது.