37 வருசங் கழிச்சு வந்த 'ஸ்மைல்': பழசு எது, புதுசு எது, எப்படிக் கேக்கோணும்?

(திரையில்: கறுப்புப் பின்னணியில் மூன்று ஆண்டுகள் மட்டும்: 1967, 2004, 2011)

வணக்கமுங்க. தொலைஞ்சு போன ஆல்பம் ஒண்ணை மறுபடி பாடி, வாசிச்சு, புதுசாப் பதிஞ்சு வெளியிட்டா ரசிகர்கள் உடனே ரெண்டு கட்சியாயிருவாங்க. "பழசுல இருந்த அந்த இது இல்லீங்க"ன்னு ஒரு கட்சி. "வந்ததே பெருசு, குத்தம் சொல்லாதீங்க"ன்னு இன்னொரு கட்சி. கோயமுத்தூர், திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் ரெக்கார்டிங் சென்டர்ல பாட்டு லிஸ்ட் எழுதிக் குடுத்து கேசட் பதிஞ்சு வாங்கின ஆளுக நெறையப் பேர் முதல் கட்சியில இருப்பாங்க.

இந்தச் சண்டை தீராததுக்குக் காரணம் ரசனை இல்லீங்க. "பழசு"ன்னு ஒவ்வொருத்தர் காதுலயும் இருக்கறது வேற வேற பழசு. அதைப் பிரிச்சுக் காட்டறதுக்கு நல்லா ஆவணப்பட்ட ஆல்பம் ஒண்ணு வேணும். அதுக்குத்தான் அமெரிக்க பாப் குழு பீச் பாய்ஸோட 'ஸ்மைல்'.

(திரையில்: லாஸ் ஏஞ்சலஸ், 1966)

1966 மே மாசம் அவங்களோட 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பம் வந்துச்சு. அக்டோபர்ல 'குட் வைப்ரேஷன்ஸ்' தனி சிங்கிளா வந்து உலகம் பூரா ஓடுச்சு. அந்த ஒத்தைப் பாட்டுக்கு மட்டும் பல மாசம், பல ஸ்டூடியோ. குழுவுல பாட்டமைச்சுப் பதிவை நடத்துன பிரையன் வில்சன் அதை முழுப் பாட்டா உட்கார்ந்து பதியலைங்க. ஒரு பகுதி இங்க, ஒரு பகுதி அங்கன்னு துண்டு துண்டாப் பதிஞ்சு, டேப்பை வெட்டி ஒட்டித்தான் பாட்டாக்குனாரு. அதே முறையில முழு ஆல்பத்தையே செய்யலாம்னு எறங்குனது 'ஸ்மைல்'. பாட்டு வரிகளுக்கு வான் டைக் பார்க்ஸ்.

திருப்பூர்க்காரங்களுக்கு இது ஒடனே வெளங்கும். பனியனோட பாடி ஒரு டையிங் லாட்டு, அதாவது ஒரே தடவையில சாயம் போட்ட துணி, கை வேற லாட்டுன்னா, தெச்ச பொறகு வெயில்ல வெச்சுப் பாத்தா சேட் வேரியேசன், அதான் நெற வித்தியாசம், தெரியுமில்ல? ஸ்டூடியோவும் அப்படித்தான். கோல்டு ஸ்டார் ஸ்டூடியோவோட எக்கோ சேம்பர், அதாவது எதிரொலிக்குன்னே கட்டுன அறை, ஒரு நெறம், வெஸ்டர்ன் ஸ்டூடியோ அறை இன்னொரு நெறம். வெட்டி ஒட்டுன எடத்துல அந்த நெறம் மாறும். பனியன்ல அது ரிஜெக்ட். இங்க வில்சன் அந்த மாறுதலையே பாட்டுக்குள்ள ஒரு திருப்பமா வெச்சாரு.

பிரச்சினை எங்க வந்துச்சுன்னா, துண்டு சேரச் சேர, எதுக்குப் பின்னால எது வரோணும்கறதுக்கு முடிவே வரலை. ஒரு பாட்டுக்குன்னு பதிஞ்ச துண்டு இன்னொரு பாட்டுக்கும் பொருந்தும். கையில ஒரு பிளேடும் ஒட்டற டேப்பும் மட்டும். ஒரு வரிசையைச் சோதிச்சுப் பாக்கறதுன்னாலே வெட்டோணும், ஒட்டோணும், பிடிக்காட்டி மறுபடி பிரிக்கோணும். இதோட குழுவுக்குள்ள வரிகளைப் பத்தின மனஸ்தாபம், கேப்பிடல் ரெக்கார்டு கம்பெனியோட நடந்த வழக்கு, வில்சனோட மனநிலை எல்லாஞ் சேந்துக்கிச்சு. 1967 மே மாசம் ஆல்பம் கைவிடப்பட்டதா அறிவிப்பு வந்துருச்சு. செப்டம்பர்ல வந்த 'ஸ்மைலி ஸ்மைல்' அதுக்குப் பதிலா எளிமையாப் பதிஞ்ச வேறொரு ஆல்பம். பேர் ஒட்டி இருக்கறதால ரெண்டையும் ஒண்ணுன்னு நெனைச்சுக் கேக்கறவங்க இன்னைக்கும் இருக்காங்க.

(திரையில்: 'சர்ஃப்ஸ் அப்' பாட்டுக்கு நாலு கட்டம்)

இப்ப முக்கியமான எடத்துக்கு வர்றோம். 'சர்ஃப்ஸ் அப்'னு ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கங்க. 1966 கடைசியில வில்சன் தனியா பியானோ வாசிச்சுப் பாடுனது ஒண்ணு. 1971-ல அதே பேர்ல வந்த ஆல்பத்துல இருக்கறது ரெண்டாவது: முதல் பகுதியில 1966-ஓட வாத்தியப் பதிவு மேல தம்பி கார்ல் புதுசாப் பாடியிருப்பாரு, பின்பகுதியில வில்சனோட பழைய பியானோப் பதிவையே ஒட்டியிருப்பாங்க. 2004-ல முழுக்கப் புதுசாப் பதிஞ்சது மூணாவது. 2011-ல பழைய டேப்புகளைக் கணினியில கோத்தது நாலாவது.

இதுல எதுங்க ஒரிஜினல்? 1971 எல்பி-யில கேட்டு வளந்தவருக்கு கார்ல் குரல்தான் ஒரிஜினல். ஆனா 1966 கணக்குப்படி அந்தக் குரலே பின்னால வந்து சேந்தது. திருட்டுப் பதிவு கேசட்டுல கேட்டவருக்கு இன்னொண்ணு. 'ஸ்மைல்' வராம இருந்த காலத்துல ரசிகர்களே ஆளுக்கொரு வரிசையில கோத்து சுத்துக்கு விட்டாங்க. 2004 ஆல்பத்தைக் கேட்டு "வரிசை தப்பு"ன்னு அடிச்சுச் சொன்னவங்க, தாங்க கோத்த வரிசையோட ஒப்பிட்டுத்தான் சொன்னாங்க.

(திரையில்: 20 பிப்ரவரி 2004, ராயல் ஃபெஸ்டிவல் ஹால், லண்டன்)

2004-ல நடந்தது இதுதான். வில்சனோட மேடைக் குழுவுல இருந்த டேரியன் சஹனாஜா பழைய துண்டுகளையெல்லாம் கணினியில ஏத்திக்கிட்டுப் போய் வில்சன் முன்னால வெச்சாரு. வரிசை மாத்திப் பாக்கறதுக்கு இப்ப பிளேடு வேண்டாம், மவுஸ் போதும். 1967-ல முடிச்சு விழுந்த எடமே அதானுங்களே. வான் டைக் பார்க்ஸ் மறுபடி வந்தாரு. வரி இல்லாமக் கெடந்த துண்டுகளுக்குப் புதுசா வரி எழுதுனாரு. 'ஆன் எ ஹாலிடே', 'இன் ப்ளூ ஹவாய்' எல்லாம் அப்படி முழுசானதுதான். மூணு பகுதியாப் பிரிச்சு முதல்ல மேடையில வாசிச்சாங்க. பொறகு ஏப்ரல்ல சன்செட் சவுண்ட் ஸ்டூடியோவுல பதிஞ்சு, செப்டம்பர் 28 அன்னைக்கு வெளியிட்டாங்க. 17 பாட்டு, 47 நிமிசம்.

லண்டன் அரங்கத்துல எந்திரிச்சு நின்னு கைதட்டுனவங்கள்ல, இதை இருவது முப்பது வருசமாத் துண்டு துண்டாவே கேட்டுக்கிட்டு இருந்தவங்க நெறையப் பேர். அந்தச் சந்தோசத்துல பொய் இல்லீங்க. ஆனா குறுந்தட்டு வந்து வீட்டுல திரும்பத் திரும்பக் கேட்டப்பதான் "சுத்தமா இருக்கு, ரொம்பச் சுத்தமா இருக்கு"ங்கற குறை வந்துச்சு. அந்தக் குறைக்குக் காதால எடுத்துக் காட்டற மாதிரிக் காரணம் இருக்கு.

ஒண்ணு, குரல். பழைய பதிவுல பாடற வில்சனுக்கு 24 வயசு. 2004-ல பதியறப்ப 61. மேல்ஸ்தாயியை மேடைக் குழுவுல இருந்த ஜெஃப்ரி ஃபாஸ்கெட் பாடுனாரு, நல்லாவே பாடுனாரு. ஆனா தம்பிமார் டென்னிஸ் 1983-லயும் கார்ல் 1998-லயும் போயிட்டாங்க. அண்ணந்தம்பி குரல் ஒண்ணோட ஒண்ணு கலக்கற அந்தக் கலப்பை வேற ஆளுகளை வெச்சுக் கொண்டாரவே முடியாது. ரெண்டாவது, அறை. பழசுல பல ஸ்டூடியோ, புதுசுல வாத்தியமெல்லாம் ஒரே ஸ்டூடியோ, ஒரே குழு, சில நாள். எல்லாம் ஒரே லாட்டு. மூணாவது டேப்பு. நாலு டிராக்குல பதிஞ்சதை ஒரு டிராக்குல கொட்டி, அதை இன்னொரு மெசினுக்கு ஏத்தி அது மேல குரல் போட்டாங்க. ஒவ்வொரு காப்பிக்கும் மேல்சத்தம் கொஞ்சம் மழுங்கும், வாத்தியங்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அந்த ஒட்டலைத்தான் நம்மாளுக "வெதுவெதுப்பு"ங்கறாங்க.

இதுக்கு மாறா, 2011-ல வந்த 'தி ஸ்மைல் செஷன்ஸ்' முழுக்கப் பழைய டேப்பு. ஆனா பாட்டு வரிசைக்கு அவங்க அச்சா எடுத்துக்கிட்டது 2004 ஆல்பத்தைத்தான். அதாவது, பழசு புதுசைப் பாத்து வரிசையாச்சு. இதைக் கவனிக்காம "2011தான் அசல், 2004 நகல்"னு பேசறது பாதிக் கணக்குங்க. பழைய டேப்புல குரல் இல்லாத எடம் 2011-லயும் குரல் இல்லாமத்தான் இருக்கும்.

(திரையில்: ரெண்டு அலைக்கோடு, ஒண்ணு தடிமனா, ஒண்ணு ஒல்லியா)

சரி, வீட்டுல எப்படி ஒப்பிடறது? முதல்ல சத்தத்தைச் சமம் பண்ணுங்க. ஒரு டெசிபல் கூட இருந்தாலே காது அதைத்தான் "நல்லாருக்கு"ங்கும். ஆடாசிட்டிங்கற இலவச ஒலி எடிட்டிங் மென்பொருள்ல ரெண்டு கோப்பையும் ஏத்தி, எஃபெக்ட் பட்டியல்ல லவுட்னஸ் நார்மலைசேஷன் எடுத்து, ரெண்டுக்குமே மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ் குடுங்க (காதுக்குத் தெரியற சத்தத்தோட அளவுக்கான அலகு அது). 2011 ஆல்பத்தோட முதன்மைப் பகுதி மோனோ, 2004 ஸ்டீரியோ. ஸ்டீரியோவோட அகலமே காதை மயக்கிரும். அதனால முதல் சுத்துல ரெண்டையும் மோனோவாக்கிட்டுக் கேளுங்க. மோனோவாக்குன பொறகு சத்தத்தைச் சமம் பண்ணோணும், முன்னால இல்லை. மாத்திச் செஞ்சா மோனோவாக்கறதுலயே அளவு மறுபடி மாறிரும். எது ஓடுதுன்னு தெரியாம, வீட்டுல ஒருத்தரை மாத்தி மாத்திப் போடச் சொல்லுங்க. சோமனூர், பல்லடம் பக்கம் தறிச் சத்தத்துக்குள்ள இருக்கறவங்க காதை மூடற ஹெட்போன்ல கேளுங்க. தறி ஓசையில முதல்ல முழுகறது எக்கோ தேஞ்சு அடங்கற கடைசிப் பகுதிதான், அதைத்தான் நாம ஒப்பிடப் போறதே.

ஒரு ஆல்பம் "புதுப் பதிவு"ங்கறாங்க, ஆனா பழைய டேப்பையே பாலிஷ் போட்டு வித்துட்டாங்களோன்னு சந்தேகம் வந்தா, அதுக்கும் சோதனை இருக்கு. பழைய குறுந்தட்டுக் கோப்பு, புதுக் கோப்பு ரெண்டையும் அடுத்தடுத்த டிராக்குல வெச்சு, முதல் டிரம் அடி ஒரே புள்ளியில வர்ற மாதிரி நகட்டுங்க. சத்தம் சமம். ஒண்ணை மட்டும் இன்வர்ட் பண்ணி, அதாவது ஒலி அலையைத் தலைகீழாக்கி, ரெண்டையும் சேத்து ஓட்டுங்க. ஒரே மாஸ்டர், அதாவது ஒரே மூலப் பதிவுன்னா, பாட்டு பெரும்பகுதி அடங்கிப் போகும், மிச்சம் லேசா இருக்கும். புதுப் பதிவுன்னா எதுவுமே அடங்காது, ரெண்டு பாட்டும் இரைச்சலாத்தான் கேக்கும். கேசட்டுல இருந்து எடுத்த கோப்புக்கு இது செல்லாதுங்க. டேப்போட வேகம் நிமிசத்துக்கு நிமிசம் நடுங்கும், அதனால ஒரே மாஸ்டரா இருந்தாலும் அடங்காது.

(திரையில்: கேசட், பக்கத்துல சின்ன ஸ்குரூ டிரைவர்)

நம்ம ஊருக்கு இதுதான் பெரிய சிக்கல். 90-கள்ல வந்த தமிழ் பாப் ஆல்பம் எதையாவது மறுபடி பாடிப் பதிஞ்சு விட்டாங்கன்னு வைங்க. ஒப்பிடறதுக்கு நம்மகிட்ட இருக்கறது அட்டாலியில கெடக்கற கேசட்டு. "பழசுல சுருதி கீழ, புதுசுல ஏத்திட்டாங்க"ன்னு சொல்றதுக்கு முன்னால உங்க டெக்கு சரியான வேகத்துல ஓடுதான்னு பாருங்க. கேசட் வேகம் நொடிக்கு 4.76 செ.மீ. பெல்ட் தளர்ந்துட்டா கொறையும். 6 சதவீதம் மாறுனாலே முழுசா ஒரு அரைச்சுரம் எறங்கிரும். 3 சதவீதம்னா அதுல பாதி. அது தெளிவாப் பிடிபடாது, "என்னமோ சோகமா இருக்கு"ன்னு மட்டும் தோணும்.

சரிபாக்க ஒரு வழி, கரண்ட்டு இரைச்சல். நம்ம லைன் 50 ஹெர்ட்ஸ். பதியறப்பவே 50, 100 ஹெர்ட்ஸ்ல ஒரு முனகல் டேப்புல ஏறியிருக்கும். ரெண்டு பாட்டுக்கு நடுவுல இருக்கற இடைவெளியை ரெண்டு நொடிக்கு மேல செலக்ட் பண்ணி, ஆடாசிட்டியோட பிளாட் ஸ்பெக்ட்ரம் போய் சைஸ் 65536 வெச்சுப் பாருங்க. 100-க்குப் பக்கத்துல ஒரு முள்ளு நிக்கும். 97-ல நின்னா டெக்கு 3 சதவீதம் மெதுவா ஓடுதுன்னு கணக்கு.

இதுல ரெண்டு இடத்துல ஏமாறுவாங்க. உங்க டெக்கும் கேபிளும் தானாவே ஒரு முனகல் குடுக்கும், அது எப்பவும் லைனோட 50-க்கு ரெட்டிப்பான 100-லயே நிக்கும். டேப்பை நிறுத்தி வெச்சு, சும்மா கொஞ்ச நேரம் பதிஞ்சு பாருங்க. அப்பவும் அந்த முள்ளு இருந்தா அது டேப்போடது இல்லை. இன்னொண்ணு கொஞ்சம் நுணுக்கமானது. இன்னைக்கு கிரிட் 50-ஐ ஒட்டியே ஓடுது. 90-கள்ல நம்ம தென்மண்டல கிரிட்டு பளு தாங்காம 50-க்கு நல்லாக் கீழ எறங்கி ஓடுன காலம் உண்டு. அப்பப் பதிஞ்ச டேப்புல 97 வந்தா, டெக்கு சரியா இருந்து கரண்டே கொறைஞ்சிருக்கலாம். அதனால இரைச்சலை மட்டும் நம்பாதீங்க. பாட்டுல கீபோர்டு தனியா ஒலிக்கற எடம் ஒண்ணைப் பிடிச்சு போன் டியூனர்ல வெச்சுப் பாருங்க. கீபோர்டு பெரும்பாலும் ஏ 440-லதான் இருக்கும், அதாவது 'ஏ' சுரம் 440 ஹெர்ட்ஸ்ல. ரெண்டு சோதனையும் ஒரே பக்கம் காட்டுனாத்தான் வேகத்தை மாத்தோணும்.

மேல்சத்தம் மங்கலா இருந்தா அது பழைய பதிவோட குணம்னு முடிவு கட்டிராதீங்க. டேப்பைப் படிக்கற ஹெட்டுக்குப் பக்கத்துல, அதோட சாய்வை மாத்தற அசிமத் ஸ்குரூ இருக்கும், அது கேசட்டைப் பதிஞ்ச மெசினோட கோணத்துக்குப் பொருந்தாம இருக்கலாம். மோனோவுல ஓடவிட்டு, ஸ்குரூவை நூலிழை அளவு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புனா ஒரு எடத்துல தாளச் சத்தம் பளிச்சுன்னு தெறக்கும், அங்க நிறுத்துங்க. திருப்பறதுக்கு முன்னால ஸ்குரூ தலையில பேனாவுல ஒரு கோடு போட்டு வெச்சுக்கங்க, அடுத்த கேசட்டுக்குத் திரும்பி வரோணுமில்ல. ஓட்டறப்ப ஒரு பக்கம் சத்தம் வந்து வந்து போச்சுன்னா, உள்ள இருக்கற ஃபெல்ட் பேடு உதிர்ந்திருக்கும். ஸ்குரூ போட்ட பழைய கேசட்டு ஒண்ணைப் பிரிச்சு, அந்தக் கூட்டுக்குள்ள இந்தச் சுருளை மாத்திருங்க.

வால்பாறை, ஊட்டி மாதிரி ஈரக்காத்து ஊர்ல இருந்து வர்ற கேசட்டா இருந்தா, ஜன்னல் வழியா டேப்புச் சுருளை டார்ச் அடிச்சுப் பாருங்க. சுருள் மேல வெள்ளையாப் பூத்திருந்தா பூஞ்சை. அதை டெக்குல போடாதீங்க. ஹெட்டுல ஒட்டி, அடுத்து நீங்க போடற கேசட்டுக்கெல்லாம் ஏறிக்கும்.